வாய் திறக்காத வக்கீல்

காலை நேர லோக்கல் ரயில். சயானில் ஏறிய ஓர் இளைஞர் கதவோரமாக நிற்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மும்பைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை.

கணக்கில் அவரிடம் ஒரு பைசா பிசகாது. ஆனால் மேலதிகாரி கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தியில் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் நினைத்து, மனதுக்குள் மொழிபெயர்த்து, ஆண்பாலா பெண்பாலா என்று சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரர் பதில் சொல்லி முடித்துவிடுவார். போன வருடம் ஆபீசில் மேல் பதவி ஒன்று காலியானது. நண்பர்கள் மனுப் போடச் சொன்னார்கள். “பேட்டிக்குக் கூப்பிடுவார்களே!” என்று பயந்து அவர் மனுவே போடவில்லை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று தமிழர் குடியிருக்கும் இடத்தில் எல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். ஒர்க்‌ஷாப்பில் இருப்பார், பாங்கியில் இருப்பார், ஆஸ்பத்திரியில் இருப்பார். “வேலை தெரியும், வாய்தான் வராது” என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அது பிறவிக் குணம், இனி மாறாது என்று முடிவும் கட்டியிருப்பார்.

மாறாதா? இதே நகரத்தில், வாய் வராமல் கோர்ட்டை விட்டு வெளியேறிய ஒரு வக்கீலின் கதையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்த வக்கீலின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி!

கப்பல் அறைக்குள்ளே...

சின்ன வயதில் காந்திக்கு இருட்டு என்றால் பயம். பேய், திருடன், பாம்பு எல்லாம் பயம். ராத்திரி விளக்கு இல்லாமல் தூங்க மாட்டார். பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடுவார். நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், கேலி செய்வார்கள் என்ற பயம்தான் காரணம்.

1888 செப்டம்பரில் பாரிஸ்டர் படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 18. கூட வந்தவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். அவருக்கு அது சரியாகப் புரியவில்லை. புரிந்தாலும் பதில் வராது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டி முடித்த பிறகுதான் வெளியே விட முடியும். சயானில் ரயில் ஏறும் இளைஞரின் அதே அவஸ்தை!

சாப்பாட்டு மேஜையில் கத்தியும் முள்ளும் வைத்திருந்தார்கள். எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். அதனால் அவர் அந்த மேஜைக்கே போகவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்புகளையும் பழங்களையும் அறைக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டார். வக்கீலுக்குப் படிக்கப் போகிறவன் தப்போ சரியோ பேசிப் பழக வேண்டும் என்று கூட வந்த நண்பர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை.

லண்டனில் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். கூட்டம் தவறாமல் போவார். வாயைத் திறக்க மாட்டார். முக்கியமான ஒரு விவாதத்தில் தமது கருத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைத்தார். காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். அதையும் படிக்கத் தைரியம் வராமல் வேறொருவர் படித்தார். இன்னொரு கூட்டத்தில் ஒரே ஒரு பக்கப் பேச்சு. எழுந்து நின்றதும் கண் மங்கியது, உடம்பு நடுங்கியது. அதையும் நண்பர்தான் படித்து முடித்தார்.

1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பும்போது நண்பர்களுக்கு விருந்து வைத்தார். விருந்தில் பேச ஒரு வேடிக்கைக் கதையைத் தயார் செய்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் நினைவு வரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

முப்பது ரூபாய் வழக்கு

இந்த நிலையில்தான் பம்பாய் வந்து கிர்காமில் வீடு எடுத்துத் தங்கி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1891-92-ம் ஆண்டுகளில் நடந்தது இது. மாதங்கள் ஓடின. கட்சிக்காரர் யாரும் வரவில்லை. செலவைக் குறைக்க ஹைக்கோர்ட்டுக்கு நடந்தே போவார். முக்கால் மணி நேர நடை. அங்கே உட்கார்ந்து வழக்குகளைக் கேட்பார். பல நாள் தூக்கம்தான் வரும்.

கடைசியில் ஒரு வழக்கு வந்தது. மாமிபாய் என்ற பெண்மணியின் வழக்கு. ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் நடந்தது. சின்ன வழக்கு. ஒரு நாளில் முடிந்துவிடும். பீஸ் 30 ரூபாய். காந்தி பிரதிவாதியின் வக்கீல். வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதுதான் அவர் வேலை.

எழுந்து நின்றார். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவது போல இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தம்மால் நடத்த முடியாது என்று சொல்லி வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுத்தார். 51 ரூபாய் பீஸில் வேறொரு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். கோர்ட்டை விட்டு வேகமாக வெளியே வந்தார். அந்த வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்றுகூட அவர் தெரிந்துகொள்ளவில்லை. தைரியம் வரும்வரை இனி வழக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். பிறகு தென்னாப்பிரிக்கா போகும்வரை அவர் கோர்ட்டில் நின்று வாதாடவே இல்லை.

வயிற்றுப் பிழைப்புக்கு என்ன செய்வது? ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை காலி என்று விளம்பரம் வந்தது. தினம் ஒரு மணி நேரம், சம்பளம் 75 ரூபாய். மனுப் போட்டார், பேட்டிக்கும் போனார். “பட்டதாரியா?” என்று கேட்டார்கள். பாரிஸ்டர்தான், லண்டன் மெட்ரிகுலேஷனும் தேறியவர்தான். ஆனால் பி.ஏ. இல்லையே! வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மெட்ரிக் படிப்போடு இந்த நகரத்துக்கு வந்து, பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் படி ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் பகல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் பம்பாய் வீட்டைக் காலி செய்துவிட்டு ராஜ்கோட்டுக்குத் திரும்பினார். அங்கே மனு எழுதிக் கொடுக்கும் வேலை செய்தார்.

பி. நோட் என்றால் என்ன?

1893 ஏப்ரலில் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்கு வேலைக்காக ஒரு வருட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சம்பளம் 105 பவுன். அந்த வழக்கோ 40,000 பவுன் வழக்கு! முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு விவகாரம். வரவு எது, செலவு எது என்று பாரிஸ்டருக்குப் புரியவில்லை. தஸ்தாவேஜுகளில் திரும்பத் திரும்ப ‘பி. நோட்’ என்று வருகிறது. அகராதியில் தேடினார், அந்தச் சொல் அகப்படவில்லை.

இந்த இடத்தில் அவர் செய்த காரியம் சின்னது. ஆனால் கவனிக்க வேண்டியது. தெரிந்தது போலத் தலையை ஆட்டவில்லை. கம்பெனியின் குமாஸ்தாவிடம் போய், தனக்கு இது தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கேட்டார். ‘பிராமிசரி நோட்’ என்று குமாஸ்தா விளக்கினார். காந்தி கணக்கெழுதும் முறை பற்றி ஒரு புத்தகம் விலைக்கு வாங்கிப் படித்தார். அதைப் படித்த பிறகுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

வழக்கின் விவரங்கள் விரல் நுனிக்கு வந்தபோது தன்னைப் பற்றிய சந்தேகமும் குறைந்தது. பின்னால் அந்த வழக்கை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோய், ஜெயித்த பிறகு தோற்றவர் தவணையில் பணம் கட்டவும் ஏற்பாடு செய்தவர் காந்திதான். மாமிபாய் வழக்கில் கேள்வி தோன்றாத அதே மனிதர்!

குளிரில் ஒரு ராத்திரி

1893 ஜூன் 7-ந் தேதி ராத்திரி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். முதல் வகுப்பு டிக்கெட் கையில் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி அவரைக் கீழே தள்ளினார்கள். அவர் இருட்டில், குளிரில் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ராத்திரியில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அவருடைய ஓவர்கோட்டு சாமான்களோடு இருந்தது. சாமான்கள் ரயில்வேக்காரர்கள் வசம் இருந்தன. நல்ல குளிர். ஆனாலும் கோட்டைக் கொடுங்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்ற பயம். நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சொந்தக் கோட்டைக் கேட்கப் பயந்த அதே ராத்திரியில்தான், இந்தியாவுக்குத் திரும்பி ஓடுவதில்லை, இருந்து பார்ப்பது என்று அவர் தீர்மானம் செய்தார்! மறுநாள் காலை ரயில்வே ஜெனரல் மானேஜருக்கு நீளமான தந்தி அடித்தார்.

பயம் முழுவதும் போன பிறகுதான் தைரியம் வரும் என்று நினைக்கிறோம். அந்த வெயிட்டிங் ரூமில் இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

மூன்று மாணவர்கள்

பிரிட்டோரியா போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள இந்தியர்களை ஒரு வியாபாரியின் வீட்டில் கூட்டினார். ரயிலிலும் தெருவிலும் தாங்கள் படும் கஷ்டத்தை அவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதைப் பற்றி ஒன்றாகப் பேசத்தான் ஆள் இல்லை. வியாபாரத்தில் நாணயம், சுத்தம், ஒற்றுமை பற்றி காந்தி பேசினார். தம் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அவரே ‘சத்திய சோதனை’யில் குறிப்பிடுவது இதைத்தான். ஓரளவு நன்றாகவே பேசினார்.

லண்டனில் ஒரு பக்கத்தைப் படிக்க முடியாதவருக்கு இங்கே எப்படி வாய் வந்தது? ரயிலில் தான் பட்டது மனதில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் அதையே பட்டவர்கள். சொல்ல வேண்டிய விஷயம் தயாராக இருந்தது. நம்மை என்ன நினைப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

இங்கிலீஷ் தெரியாமல் கஷ்டப்படுகிறவர்களுக்குத் தாமே கற்றுத் தருவதாகவும் அந்தக் கூட்டத்தில் சொன்னார். மூன்று பேர் முன்வந்தார்கள். ஒருவர் நாவிதர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சின்னக் கடைக்காரர். அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் அவரவர் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். சில நாள் போனால், வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்பார்கள். காத்திருந்து சொல்லிக்கொடுப்பார். சுமார் எட்டு மாதத்தில் இரண்டு பேர் கணக்கெழுதவும், சாதாரணக் கடிதம் எழுதவும் கற்றுக்கொண்டார்கள்.

கப்பலில் இங்கிலீஷ் பேசப் பயந்து அறைக்குள் இருந்தவர், ஐந்து வருடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகிவிட்டார். பி.ஏ. இல்லாமலேதான்!

தலைத்துணியைக் கையில் பிடித்தபடி...

1894-ல் காந்தி நேட்டாலில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். தொழில் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஒரு தமிழர் அவர் ஆபீசுக்கு வந்தார். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போனவர். பெயர் பாலசுந்தரம்.

கிழிந்த துணி. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். எஜமானன் அடித்த அடி. உடம்பு நடுங்க, அழுதுகொண்டே வந்தார். காந்தியின் குமாஸ்தாவும் ஒரு தமிழர். அவர்தான் பாலசுந்தரம் சொன்னதைக் கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னார்.

பாலசுந்தரம் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். காந்தி முன்னாலும் அப்படியே நின்றார். காந்திக்கு அதைப் பார்க்கவே கூசியது. தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் கொஞ்சம் தயங்கினார், பிறகு கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

உடனே டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கினார். மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மற்ற வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் அவன்மேல் சிவில் வழக்குத்தான் போடலாம். ஒப்பந்தக் கூலி போனால் ஜெயில்! ஆகவே எஜமானனைத் தண்டிப்பதைவிட, பாலசுந்தரத்தை அவனிடமிருந்து விடுவிப்பதுதான் முக்கியம் என்று காந்தி கருதினார். வேறொரு எஜமானரைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தை மாற்றிக்கொடுத்தார். செய்தி கூலிகள் மத்தியில் பரவியது. அவர் ஆபீசுக்கு அவர்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள்.

இந்தச் சம்பவத்தில் தைரியசாலி யார்? வக்கீல் என்று சொல்வார்கள். ஆனால் பாலசுந்தரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வாய் பேச முடியாத வலி. பாஷை தெரியாத ஊர். வேலையை விட்டுப் போனால் ஜெயில். அத்தனையும் இருந்தும் அவர் நியாயம் கேட்டு ஒரு படி ஏறினார். நடுங்கிக்கொண்டேதான் ஏறினார். நடுக்கம் நின்ற பிறகு போகலாம் என்று காத்திருந்தால் அந்தப் படியை ஏறியிருக்கவே மாட்டார்.

மறுபடியும் பம்பாய்!

1896-ல் காந்தி இந்தியா வந்தார். தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலையை விளக்கப் பம்பாயில் செப்டம்பர் 26-ந் தேதி பொதுக்கூட்டம். தலைவர் சர் பிரோஸ்ஷா மேத்தா. அவர் சொன்னபடி பேச்சை முன்கூட்டியே எழுதி அச்சடித்தும் வைத்திருந்தார்கள்.

மூன்று வருடம் வெளிநாட்டில் போராடி வந்தவர் முழங்கியிருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை! மண்டபம் நிறைந்த கூட்டத்தைப் பார்த்ததும் பழைய நடுக்கம் வந்துவிட்டது. குரல் எழும்பவில்லை. இன்னும் உரக்க, இன்னும் உரக்க என்று மேத்தா உற்சாகப்படுத்தினார். குரல் இன்னும் கீழே இறங்கியது. நண்பர் கேசவராவ் தேஷ்பாண்டே வாங்கிப் படிக்கத் தொடங்கினார். கூட்டமோ ‘வாச்சா, வாச்சா’ என்று கத்தியது. கடைசியில் தின்ஷா வாச்சா எழுந்து படித்து முடித்தார்.

1892-ல் இப்படி நடந்தபோது கோர்ட்டுப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தவர், 1896-ல் என்ன செய்தார்? அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கினார். தன் பேச்சு எடுபடாவிட்டாலும் விஷயம் ஜனங்களைப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர் கண்டுகொண்டார். குரல் போனது ஒரு குறைதான். ஆனால் காரியம் நிற்கவில்லை.

ஒரே மாதத்தில், அக்டோபர் 26-ந் தேதி, சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் கூட்டம். இங்கும் அச்சடித்த பேச்சுதான், நீளமான பேச்சும்கூட. ஆனால் ஜனங்கள் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். பாலசுந்தரத்தின் கதை சென்னை மக்களை உலுக்கிவிட்டது. கூட்டம் முடிந்ததும் அவர் எழுதிய பச்சை அட்டைப் புத்தகத்துக்கு முண்டியடித்தார்கள். இரண்டாம் பதிப்பு 10,000 பிரதிகள் அச்சிட வேண்டியதாயிற்று.

டர்பனில் பாலசுந்தரத்துக்காக காந்தி பேசினார். சென்னையில் பாலசுந்தரத்தின் கதை காந்திக்குக் கை கொடுத்தது.

கோவாலியா டாங்க் மைதானத்தில்...

ஐம்பது வருடம் கழித்து, 1942 ஆகஸ்ட் 8-ந் தேதி, அதே பம்பாய். கோவாலியா டாங்க் மைதானத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம். வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய ராத்திரி. 72 வயதுக் கிழவர் இந்துஸ்தானியிலும் இங்கிலீஷிலும் நெடுநேரம் பேசினார். பொழுது விடிவதற்குள் அவரைக் கைது செய்தார்கள்.

இன்று அந்த இடம் ஆகஸ்ட் கிராந்தி மைதானம். பக்கத்திலேயே காம்தேவியில் லாபர்னம் ரோட்டில் மணிபவன் இருக்கிறது. 1917 முதல் 1934 வரை பம்பாய் வந்தால் காந்திஜி தங்கிய வீடு. இப்போது காட்சிசாலை. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் பிள்ளைகளோடு அங்கே போய் வரலாம்.

கூச்சம் தம்மை விட்டு முழுவதும் போனது என்று காந்திஜி எழுதவில்லை. நாளடைவில் குறைந்தது என்றுதான் எழுதினார். சொற்களைச் சிக்கனமாகச் செலவு செய்ய அந்தக் கூச்சமே கற்றுக்கொடுத்தது என்று அதற்கு நன்றியும் சொன்னார்.

கோர்ட்டில் தன்னை நினைத்தபோது அவருக்குத் தலை சுற்றியது. பிரிட்டோரியாவில் எதிரே இருந்தவர்களை நினைத்தார், பேச்சு வந்தது. பாலசுந்தரம் வந்து நின்றபோது தன்னை நினைக்க நேரமே இருக்கவில்லை.

சயான் இளைஞருக்கும் வழி இதுதான். மேலதிகாரி முன்னால் ஒரே நாளில் முழங்க வேண்டாம். தெரியாததைப் பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியதை நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று செய்யலாம். ஊரிலிருந்து நேற்று வந்த யாரோ ஒரு தமிழர், ஆஸ்பத்திரி ஜன்னலிலோ, ரேஷன் ஆபீசிலோ பாஷை தெரியாமல் கையில் சீட்டோடு நின்றுகொண்டிருப்பார். அவருக்காகப் போய் இரண்டு வார்த்தை பேசலாம். அப்போது ஆண்பால் பெண்பால் தப்பினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் காதில் விழாது.

அடுத்த தடவை மேல் பதவி காலியாகும்போது மனுப் போடக் கை நடுங்கலாம். நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கும் கையால் எழுதிய மனுவையும் ஆபீசில் வாங்கிக்கொள்ளத்தான் செய்வார்கள்.